பொருளாதார மந்தக் காலத்தில் மாநில அரசு ஏன் வரியை ஏற்றுகிறது? அரசு ஊழியர் சம்பளத்தைக் குறைத்தால் போதாதா?

கேள்வியின் முதல் பாதியோடு நிறுத்தியிருந்தால் படித்துவிட்டு நகர்ந்திருப்பேன். இரண்டாம் பாதிதான் உட்கார வைத்துவிட்டது. நான் ஒரு சார்நிலைக் கருவூலத்தில் வேலை பார்க்கிறேன்; அரசு ஊழியர் சம்பள பில், ஓய்வூதியம், அரசுக்குக் கட்டும் பணத்தின் சலான் எல்லாம் வருகிற ஆபீஸ். நீங்கள் அநேகமாகத் தனியார் வேலையில் இருப்பவர், 2020-ல் சம்பளம் வெட்டுப்பட்டவர், பெட்ரோல் பங்கில் நிற்கும்போதெல்லாம் எங்களை நினைத்துப் பல்லைக் கடித்தவர் என்று வைத்துக்கொள்கிறேன். கோபம் நியாயம்தான். கொரோனா ஆண்டில் தமிழ்நாட்டு அரசு ஊழியருக்கு மாதச் சம்பளம் நிற்கவில்லை. ஆந்திராவிலும் தெலங்கானாவிலும் ஒரு பகுதியைப் பிடித்து வைத்தார்களே, அதுகூட இங்கே நடக்கவில்லை. இதை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன், இல்லாவிட்டால் கமெண்டில் வந்து நிற்பீர்கள்.

ஆனால் எங்கள் பணத்தில் "கை வைக்கவில்லை" என்பது சரியில்லை. விலைவாசிக்கு ஏற்ப அடிப்படைச் சம்பளத்தின் மேல் சதவீதமாகக் கொடுக்கிற அகவிலைப்படியை 2020 ஏப்ரல் கடைசியில் 17 சதவீதத்தில் நிறுத்தினார்கள். மத்திய அரசு சில நாள் முன்பு செய்ததை அப்படியே பின்பற்றினார்கள். அடிப்படைச் சம்பளம் 50,000 என்று வைத்துப் பாருங்கள். 2020 ஜனவரி முதல் ஆறு மாதத்துக்கு அந்த 17-க்கு மேல் 4 சதவீதம், அதாவது மாதம் 2,000 வரவேண்டும். அடுத்த ஆறு மாதம் 7 சதவீதம், 3,500. அதற்கடுத்த ஆறு மாதம் 11 சதவீதம், 5,500. ஒன்றரை வருடத்தில் 66,000 ரூபாய். மத்திய அரசு 2021 ஜூலையில் திரும்பக் கொடுக்க ஆரம்பித்தது; நமக்கு 2022 ஜனவரியில்தான் 31 சதவீதம் ஆனது. அந்த இடைப்பட்ட ஆறு மாதத்தையும் (17-க்கும் 31-க்கும் உள்ள 14 சதவீதக் கணக்கில்) சேர்த்தால் 1,08,000. நிலுவை என்ற பேச்சே கிடையாது, போனது போனதுதான். அந்த மாதங்களில் கவுன்டருக்கு வந்த ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர், "ஏம்மா, டெல்லியிலே 28 குடுத்துட்டான், நமக்கு எப்போ?" என்று கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்பார், ஏதோ ஃபைல் என் மேஜை டிராயரில் இருப்பது போல.

அகவிலைப்படியை நிறுத்திய கையோடு சரண்டரையும் நிறுத்தினார்கள். சேர்ந்த ஈட்டிய விடுப்பில் வருடத்துக்கு 15 நாளை ஒப்படைத்தால் அரைமாதச் சம்பளம் வரும். "ஓராண்டுக்கு மட்டும்" என்றுதான் ஆணை வந்தது. திரும்ப வந்தது 2025 அக்டோபரில். ஓய்வு வயதை 58-லிருந்து 59, பிறகு 60 என்று ஏற்றினார்கள். பணிக்கொடை, கம்யூட்டேஷன் (ஓய்வூதியத்தில் ஒரு பகுதியை முன்கூட்டியே வாங்கிக்கொள்வது) என்று மொத்தமாகக் கொடுக்க வேண்டிய பணம் இரண்டு வருடம் தள்ளிப்போனது. அவர்கள் போகாததால் கீழே இருப்பவருக்குப் பதவி உயர்வு இல்லை, போட்டித் தேர்வுக்குப் படித்த பிள்ளைகளுக்கு இடம் இல்லை. என் பேரும் அந்தப் பதவி உயர்வுப் பட்டியலில் ஊறிக்கொண்டிருந்தது, அதை விடுங்கள்.

சரி, இதனால் உங்களுக்கு என்ன? என் தம்பி மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் விற்கிற கடை வைத்திருக்கிறான். எங்கள் ஊர் மாதிரி ஊரில் பெரிய ஆலை கிடையாது. வாத்தியார், நர்ஸ், தாலுகா ஆபீஸ் ஆட்கள்தான் மாதச் சம்பளக்காரர்கள். சரண்டர் பணம் கைக்கு வந்ததும் ஒரு வாஷிங் மெஷின், ஒரு ஃபிரிட்ஜ் என்று வாங்குவார்கள். அந்த ஆணை வந்த பிறகு அவன் கடைக்கு வந்தவர்கள் பழைய மிக்ஸியின் ஜாரைத் தூக்கிக்கொண்டு வந்து பிளேடு மட்டும் மாற்றிக்கொண்டு போனார்கள். கடையில் வேலை பார்த்த இரண்டு பையன்களில் ஒருவனை அவன் நிறுத்தினான். அந்தப் பையன் அரசு ஊழியர் இல்லை. எல்லாரும் செலவைக் குறைக்கிற நேரத்தில் அரசாங்கமும் குறைத்தால் அடி கடைசியில் விழுவது அவன் மாதிரி ஆள் மேல்தான். அதனால்தான் மந்தக் காலத்தில் அரசு கடன் வாங்கியாவது செலவு செய்ய வேண்டும் என்று பொருளாதாரம் படித்தவர்கள் சொல்கிறார்கள். எங்கள் சம்பளத்தைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் இதைச் சொல்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் கடன் வாங்க வேண்டியதுதானே, பெட்ரோலில் ஏன் ஏற்றினார்கள்? மத்திய அரசு மாதிரி மாநிலம் இஷ்டத்துக்குக் கடன் வாங்க முடியாது. மத்திய அரசுக்குக் கடன் பாக்கி இருக்கிற மாநிலம் அதன் அனுமதி இல்லாமல் வாங்கக் கூடாது என்று அரசியல் சட்டத்தின் 293-வது பிரிவு சொல்கிறது. ஒரு வருடத்தில் வாங்குகிற கடனுக்கு மாநில உற்பத்தி மதிப்பில் 3 சதவீதம் என்பது வழக்கமான உச்சவரம்பு. 2020 மே மாதம் அதை 5 ஆக்கினார்கள், ஆனால் கூடுதல் 2-ல் அரை சதவீதம்தான் சும்மா கிடைத்தது. மீதிக்கு ரேஷன் கார்டு, மின்வாரியம், உள்ளாட்சி என்று நிபந்தனைகள். விவசாயிக்கு இலவச மின்சாரத்துக்குப் பதில் பணமாகக் கொடு என்பது அதில் ஒன்று. தமிழ்நாடு ஒத்துக்கொள்ளவில்லை.

வரிக்கு வருவோம். ஜிஎஸ்டி வந்த பிறகு மாநிலம் தனியாக ஏற்றி இறக்குகிற பெரிய வரிகள் விரல் விட்டு எண்ணக்கூடியவை: பெட்ரோல் டீசல், மது, பத்திரப் பதிவு, வண்டி வரி. 2020 ஏப்ரலில் பத்திரம் இல்லை, வண்டி விற்பனை இல்லை, டாஸ்மாக் மூடல். வழக்கமாகச் சலான் குவிகிற ஆபீசில் அந்த மாதம் மின்விசிறிச் சத்தம்தான். பிறகு மே 4-ல் பெட்ரோல் லிட்டருக்கு 3.25, டீசல் 2.50 ஏறியது. மே 7-ல் சென்னை தவிர மற்ற இடங்களில் மதுக்கடையை விலையேற்றித் திறந்தார்கள். அடுத்த நாளே உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது, ஒரு வாரத்தில் உச்ச நீதிமன்றத்தில் தடை வாங்கித் திரும்பத் திறந்தார்கள். வருடத்துக்கு 30,000 கோடிக்கு மேல் வருகிற கல்லா, விடுவார்களா? நல்லது என்று நான் சொல்லவில்லை. வேறு கதவு எதுவும் அவர்கள் கையில் இல்லை என்கிறேன்.

இன்னொன்று. அதே வாரம் மத்திய அரசு பெட்ரோலில் 10 ரூபாயும் டீசலில் 13 ரூபாயும் கலால் ஏற்றியது. கச்சா எண்ணெய் விலை விழுந்திருந்ததால் பங்கில் விலை மாறவில்லை, யாரும் கவனிக்கவில்லை. அந்த ஏற்றம் முழுக்கச் செஸ்ஸும் கூடுதல் தீர்வையுமாக வைத்ததால் மாநிலங்களுக்குப் பங்கு கிடையாது. அடுத்தது ஜிஎஸ்டி இழப்பீடு. மாநிலத்தின் ஜிஎஸ்டி வரவு வருடம் 14 சதவீத வளர்ச்சிக்குக் குறைந்தால் ஈடுகட்டுவோம் என்று மத்திய அரசு சட்டத்திலேயே வாக்குக் கொடுத்திருந்தது. ஆகஸ்டில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் இது கடவுளின் செயல் என்றார், மாநிலங்களைக் கடன் வாங்கிக்கொள்ளச் சொன்னார். பல மாநிலங்கள் சத்தம் போட்ட பிறகுதான் அக்டோபரில் மத்திய அரசே வாங்கிக் கொடுத்தது, அதுவும் கடனாக.

கடவுளின் செயல் என்றதும் எனக்கு எங்கள் கல்யாண மண்டபக்காரர் ஞாபகம்தான் வரும். நாத்தனார் மகள் கல்யாணத்துக்கு 2020 மே மாதம் மண்டபம் பிடித்திருந்தோம். ஊரடங்கில் கல்யாணம் வீட்டு வாசலில் நடந்தது. அட்வான்ஸைக் கேட்டால், "சாமி விட்ட வழி, நான் என்னம்மா பண்றது, வேற தேதி எடுத்துக்குங்க" என்றார். கல்யாணம் முடிந்த பெண்ணுக்கு வேறு தேதி எதற்கு? ரசீது இன்னும் பீரோவில் இருக்கிறது.

உண்மையில் கோபப்பட வேண்டிய இடம் 2020 இல்லை, அதற்கு முந்தைய வருடங்கள். 2013-14 முதல் தமிழ்நாடு ஒவ்வொரு வருடமும் வருவாய்ப் பற்றாக்குறையில்தான் ஓடியது. அன்றாடச் செலவுக்கே கடன். வரவு நன்றாக இருந்தபோது இரண்டு காசு எடுத்து வைத்திருந்தால் மந்தம் வந்தபோது வரியையும் ஏற்றாமல் எங்கள் படியையும் நிறுத்தாமல் சமாளித்திருக்கலாம். 2021 ஆகஸ்டில் அப்போதைய மாநில நிதியமைச்சர் பி.டி.ஆர். பழனிவேல் தியாகராஜன் மாநிலத்தின் நிதிநிலை பற்றி வெளியிட்ட வெள்ளை அறிக்கையில், ஒரு குடும்பத்தின் தலையில் 2,63,976 ரூபாய் கடன் என்று போட்டிருந்தார்கள். அதே மாதம் பெட்ரோலில் 3 ரூபாய் குறைத்தார்கள், வருடத்துக்கு 1,160 கோடி இழப்பு என்றும் சொன்னார்கள். எங்கள் படிக்கு அப்போதும் பணம் இல்லை. ஏற்றினது ஒரு கட்சி, இறக்கினது ஒரு கட்சி. சரண்டரை நிறுத்தினது ஒரு கட்சி, தன் ஆட்சியின் ஐந்தாவது வருடம் வரை அப்படியே வைத்திருந்தது இன்னொன்று. ஆகவே என்னை எந்தக் கட்சியின் ஐடி விங்கிலும் சேர்க்க வேண்டாம்.

"லஞ்சம் வாங்குகிறீர்களே, சம்பளம் எதற்கு" என்று எழுதப் போகிறவர்களுக்கு: வாங்குகிறவர்களைப் பிடித்துக் கொடுங்கள், லஞ்ச ஒழிப்புத் துறை அதற்குத்தான் இருக்கிறது. பழைய ஓய்வூதியத் திட்டம் பற்றி எழுதப் போகிறவர்களுக்கு: அதைத் தனிக் கேள்வியாகப் போடுங்கள். இதைவிட நீளமாகப் பதில் வைத்திருக்கிறேன்.