போர்ட்டல் சிரை மிகை அழுத்தம்: கேள்வி பதில்

கேள்வி: தந்தைக்கு சிரோசிஸ். கையில் அளந்தால் ரத்த அழுத்தம் 110/70. அறிக்கையிலோ ‘போர்ட்டல் மிகை அழுத்தம்’ என்று இருக்கிறது. எது சரி?

பதில்: இரண்டும் சரி. கையில் அளப்பது தமனியின் அழுத்தம். குடலிலிருந்தும் மண்ணீரலிலிருந்தும் கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரையின் அழுத்தம் வேறு. சிரோசிஸில் தழும்புத் திசு பெருகிக் கல்லீரல் இறுகுவதால் ரத்தம் உள்ளே புக வழியின்றித் தேங்குகிறது. குடல்பகுதி நாளங்களும் விரிந்து கூடுதலான ரத்தத்தை அனுப்புவதால் அழுத்தம் மேலும் ஏறுகிறது. போர்ட்டல் சிரைக்கும் கல்லீரல் சிரைக்கும் இடையிலான வேறுபாடு 5 மி.மீ. பாதரசத்தைத் தாண்டினால் மிகை அழுத்தம். 10-ஐ எட்டினால் சிக்கல்கள் தலைகாட்டும். 12-ஐ எட்டிவிட்டால் உணவுக்குழாயில் புடைத்திருக்கும் சிரைகள் வெடிக்கக்கூடும்.

கேள்வி: மதுவே அருந்தாதவருக்கும் வருமா?

பதில்: வரும். ஹெபடைடிஸ் பி, சி, கொழுப்புக் கல்லீரல் ஆகியவை முற்றினாலும் சிரோசிஸ்தான். சிரோசிஸ் இல்லாமலே போர்ட்டல் சிரையில் ரத்தம் உறைந்தும் வரலாம்.

கேள்வி: ரத்த அழுத்தம் குறைவாக உள்ள என் தாயாருக்கு, ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் கார்வெடிலால் மாத்திரை எதற்கு?

பதில்: பலரும் அஞ்சி இம்மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிடுகிறார்கள், அது ஆபத்து. கார்வெடிலாலும் அதே வகையைச் சேர்ந்த புரோப்ரனலாலும் இதயம் வெளியேற்றும் ரத்தத்தைக் குறைத்து, குடல் நாளங்களைச் சுருக்கி, போர்ட்டல் சிரைக்குள் பாயும் ரத்தத்தைக் கட்டுப்படுத்துகின்றன. அட்டினலால் போன்றவை பெரிதும் இதயத்தின் மீதே செயல்படுபவை என்பதால் இதற்கு உதவுவதில்லை. மேல் அழுத்தம் 90-க்குக் கீழே இறங்கினாலோ, ஆஸ்துமா இருந்தாலோ மருத்துவரிடம் உடனே சொல்ல வேண்டும்.

கேள்வி: ரத்த வாந்தி எடுத்தால் என்ன செய்வார்கள்?

பதில்: வீட்டில் காத்திருக்கவே கூடாது. குடல் நாளங்களைச் சுருக்கும் டெர்லிப்ரெசின் அல்லது ஆக்ட்ரியோடைடு ஊசியும், நோய்த்தொற்றைத் தடுக்க ஆன்டிபயாடிக்கும் உடனே தொடங்கப்படும். 12 மணி நேரத்துக்குள் எண்டோஸ்கோப்பி வழியே புடைத்த சிரைகளுக்கு ரப்பர் வளையம் மாட்டிக் கட்டுவார்கள். ரத்தம் ஏற்றும்போது ஹீமோகுளோபின் 7 முதல் 8 வரை இருந்தாலே பெரும்பாலும் போதும். அளவுக்கு மீறி ஏற்றினால் போர்ட்டல் அழுத்தமும் கூடி மீண்டும் ரத்தம் கசியும். (உறவினர்கள் ‘இன்னும் இரண்டு பாட்டில்’ என்று வற்புறுத்துவது இங்கே உதவாது.) அப்படியும் நிற்காவிட்டால், கல்லீரலுக்குள்ளேயே போர்ட்டல் சிரையைக் கல்லீரல் சிரையுடன் இணைக்கும் ‘டிப்ஸ்’ எனும் ஸ்டென்ட் (சிறு குழாய்) வைக்கப்படும். வடிகட்டப்படாத ரத்தம் மூளையை எட்டுவதால் அதன்பின் மனக்குழப்பம் வரலாம்.

கேள்வி: வயிற்றில் நீர் கோத்திருக்கிறது, தண்ணீரைக் குறைக்கலாமா?

பதில்: முதலில் உப்பைக் குறையுங்கள், ரத்தத்தில் சோடியம் மிகவும் குறைந்தாலன்றித் தண்ணீரைக் கட்டுப்படுத்தத் தேவையில்லை. சிறுநீரைப் பெருக்கி நீரை வெளியேற்றும் ஸ்பைரோனோலாக்டோன் முதன்மை மருந்து. ஊசி வழியே 5 லிட்டருக்கு மேல் நீரை எடுத்தால் அல்புமின் எனும் ரத்தப் புரதத்தை ஏற்றுவது அவசியம். ஐபுப்ரொஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்பதால் அவற்றைத் தொடவே வேண்டாம்.