கணினி கேள்வி பதில்: ஹைபர்னேட்டில் இருந்து எழுந்தால் வைஃபை காணோம்!

கேள்வி: மாலையில் கணக்கு ஃபைல்களை மூடாமலேயே லேப்டாப்பை ஹைபர்னேட்டில் போட்டுவிடுவேன். காலையில் எல்லா விண்டோவும் விட்ட இடத்தில் அப்படியே வருகிறது, ஆனால் பல நாள் வைஃபை இருக்காது, சில நாள் டச்பேடும் வேலை செய்யாது. ஷட்டவுன் செய்து மறுபடி ஆன் செய்தாலும் அதே கதைதான், ரீஸ்டார்ட் கொடுத்தால் மட்டும் சரியாகிறது. சர்வீஸ் கடையில் ஃபார்மட் செய்யச் சொல்கிறார்கள், அதற்கும் சரியாகாவிட்டால் மதர்போர்டு மாற்ற வேண்டுமாம். விண்டோஸ் 11. என்ன செய்யலாம்? (ஒரு வாசகி, நாமக்கல்)

பதில்: இப்போதைக்கு ஃபார்மட்டும் வேண்டாம், மதர்போர்டும் வேண்டாம். ரீஸ்டார்ட்டில் வைஃபை உயிர் பெறுகிறது என்றால் வைஃபை கார்டு பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது, கோளாறு அதை இயக்கும் மென்பொருளான டிரைவரில்.

ஹைபர்னேட் செய்யும்போது ரேமில் (தற்காலிக நினைவகத்தில்) இருப்பதையெல்லாம் விண்டோஸ் டிஸ்க்கில் ஒரு பெரிய ஃபைலாக எழுதிவிட்டு மின்சாரத்தை அடியோடு நிறுத்திவிடுகிறது. காலையில் அந்த ஃபைல் ரேமுக்குத் திரும்புகிறது, புரோகிராம்களைப் பொறுத்தவரை நடுவில் எதுவுமே நடக்காத மாதிரிதான். ஆனால் வைஃபை கார்டுக்கு அப்படி இல்லை. அதற்கென்று உள்ளே ஏற்றியிருந்த சிறு மென்பொருள், அமைப்புகள் எல்லாம் மின்சாரம் போனதும் அழிந்துவிட்டன. டிரைவர்தான் அதை முதலிலிருந்து தயார் செய்ய வேண்டும். இந்த வேலையைச் சரியாகச் செய்யாத டிரைவர், கார்டு நேற்று இருந்த நிலையிலேயே இருப்பதாக நினைத்துப் பேசும், கார்டு பதில் சொல்லாது. டச்பேடிலும் இதேதான் நடக்கிறது.

சரி, ஷட்டவுன் ஏன் உதவவில்லை? விண்டோஸ் 8 வந்த 2012-லிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒன்று இருக்கிறது. அது ஆனில் இருந்தால் ஷட்டவுன் செய்யும்போது உங்கள் புரோகிராம்கள் மட்டும்தான் மூடப்படும், விண்டோஸின் மையப் பகுதியும் டிரைவர்களும் ஹைபர்னேட் ஆகி அதே நிலையில் மறுநாள் திரும்பி வரும். ரீஸ்டார்ட்தான் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கும். இது தெரியாததால்தான் நிறைய பேர் நல்ல லேப்டாப்பைப் பிரித்துப் போடுகிறார்கள், அதுதான் எனக்கு வருத்தம்.

முதலில் கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்று தேர்வு செய்யும் பக்கத்தைத் திறந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் டிக்கை எடுத்துவிடுங்கள் (டிக் மங்கலாக இருந்தால் மேலே இருக்கும் 'சேஞ்ச் செட்டிங்ஸ்' வரியை முதலில் சொடுக்க வேண்டும்). இதனால் ஹைபர்னேட் போய்விடாது. ஆன் ஆக சில விநாடி கூடும், அவ்வளவுதான்.

அப்புறம் முக்கியமான வேலை: லேப்டாப் தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாடல் எண்ணைக் கொடுத்து சிப்செட், வைஃபை, டச்பேட் டிரைவர்களை அங்கிருந்தே இறக்கி நிறுவுங்கள். பயாஸ் (லேப்டாப் ஆன் ஆனதும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் இருந்தால் அதையும் போடலாம், சார்ஜர் செருகியிருக்கட்டும். ஒரு விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகுதான் இந்தத் தொல்லை ஆரம்பித்தது என்றால் டிவைஸ் மேனேஜரில் (லேப்டாப்பின் கருவிகளைப் பட்டியலிடும் விண்டோஸ் பகுதி) அந்தக் கருவியின் 'டிரைவர்' என்ற பக்கத்தைத் திறந்து, பழைய டிரைவருக்கே திரும்ப 'ரோல் பேக்' கொடுத்துப் பாருங்கள்.

அதுவரை அவசரத்துக்கு, டிவைஸ் மேனேஜரில் வைஃபை கார்டை டிஸேபிள் செய்து உடனே எனேபிள் செய்தால் டிரைவர் அதை மறுபடி தொடங்கும், திறந்த ஃபைல்களை மூட வேண்டியதில்லை. அங்கே மஞ்சள் குறியோடு கோட் 10 என்று வந்தால் கருவியைத் தொடங்க முடியவில்லை என்று பொருள். 'மின்சாரம் சேமிக்க இந்தக் கருவியை நிறுத்தலாம்' என்ற டிக்கை எடுக்கச் சொல்லி எல்லோரும் சொல்வார்கள். ஸ்லீப்பில் அது உதவலாம், ஹைபர்னேட்டில் மின்சாரம் எப்படியும் போய்விடுவதால் பெரிதாக நம்ப வேண்டாம். ரீஸ்டார்ட் செய்தும் கார்டு பட்டியலிலேயே வராமல் போகிற நாள் வந்தால், அப்போது வன்பொருளைச் சந்தேகப்படலாம்.

கேள்வி: ஒரே லேப்டாப்பில் விண்டோஸும், லினக்ஸ் வகை இயங்குதளமான உபுண்டுவும் வைத்திருக்கிறேன். உபுண்டுவில் டி டிரைவைத் திறந்தால் படிக்க மட்டுமே முடிகிறது, எழுத முடியவில்லை. டிஸ்க் போய்விட்டதா? (கல்லூரி மாணவர், திருநெல்வேலி)

பதில்: டிஸ்க்குக்கு ஒன்றும் இல்லை, இதுவும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வேலைதான். விண்டோஸ் பாதி உறக்கத்தில் இருக்கிறது, அந்த டிரைவில் என்னென்ன இருந்தது என்ற கணக்கும் அதன் நினைவில் இருக்கிறது. இந்த நேரத்தில் உபுண்டு எதையாவது எழுதினால், விண்டோஸ் எழுந்து தன் பழைய கணக்கை நம்பி மேலே எழுதும், ஃபைல்கள் சிதையும். அதனால்தான் உபுண்டு எழுத மறுக்கிறது, அது உங்களுக்கு நல்லதே. ஹைபர்னேட் ஃபைலை அழித்துவிட்டு அந்த டிரைவை உபுண்டுவில் இணைக்கும் (மவுன்ட் செய்யும்) வழியை யாராவது சொன்னால் தயவுசெய்து செய்யாதீர்கள், விண்டோஸில் சேமிக்காமல் விட்டது எல்லாம் போய்விடும். விண்டோஸுக்குள் போய் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்தி, முழுதாக ஷட்டவுன் செய்துவிட்டு உபுண்டுவுக்கு வாருங்கள். விண்டோஸை ஹைபர்னேட்டில் போட்ட நாளில் அந்த டிரைவில் எழுதும் எண்ணமே வேண்டாம்.

கேள்வி: ஹைபர்னேட்டில் மின்சாரமே இல்லையே, அப்படியே ரேம் மாற்றலாமா?

பதில்: கூடாது. எழும்போது பழைய ரேம் அமைப்பைத்தான் விண்டோஸ் எதிர்பார்க்கும், பொருந்தாவிட்டால் சேமிக்காத வேலை போய்விடும். ஃபைல்களைச் சேமித்து, ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட்டவுன் கொடுங்கள், அது முழு ஷட்டவுன். பிறகு சார்ஜரையும் கழற்றிவிட்டு லேப்டாப்பைத் திறக்கலாம்.