பதினொன்றரை மணிச் சாப்பாடு

வணக்கம் ஐயா,

நான் அட்லாண்டாவில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். ஆறு மாதமாக திங்கள் முதல் வியாழன் வரை பர்மிங்ஹாம், ராலே, மெம்பிஸ் என்று கிளையன்ட் ஊர்களில்தான் வாசம். தங்குவது நெடுஞ்சாலை ஓரத்து ஓட்டல். வேலை முடிந்து வெளியே வர ஏழு மணி ஆகிவிடும். சுற்றிலும் எல்லா ஊரிலும் இருக்கிற அதே செயின் உணவகங்கள். 'சதர்ன்' என்று பலகை போட்ட ஓர் இடத்துக்கு ஒருநாள் போனேன். மங்கலான விளக்கு, ஜாடியில் காக்டெய்ல், மூன்று துண்டு பொரித்த கோழிக்கு 30 டாலர். இந்த ஊர்க்காரர்கள் தினமும் சாப்பிடுகிற சாப்பாடு இது இல்லை என்று மட்டும் தெரிந்தது. அது எங்கே கிடைக்கும்? மாட்டிறைச்சி சாப்பிட மாட்டேன், மற்றதெல்லாம் சரி. தனியாகப் போய் உட்காரவும் கூச்சமாக இருக்கிறது.

ஆர்., அட்லாண்டா

அன்புள்ள ஆர்.,

நீங்கள் தேடும் இடத்தில் தப்பில்லை, தேடும் நேரத்தில்தான் தப்பு. அமெரிக்கத் தென் மாநிலங்களில் ஊர்ச்சாப்பாடு என்பது மதியச் சாப்பாடு. ஏழு மணிக்கு நீங்கள் காரை எடுக்கும்போது அந்தக் கடைகளில் தரை கழுவிக் கவிழ்த்த நாற்காலிகள்தான் இருக்கும்.

மருத்துவமனை மென்பொருள் வேலைக்காக ஒன்பது வருடம் அந்த மாநிலங்களில் அலைந்தவன் நான். வட கரோலினாவின் ஒரு சிற்றூரில் பார்பிக்யூ சாப்பிட வேண்டும் என்று நாற்பது மைல் ஓட்டிக்கொண்டு மாலை ஆறரைக்குப் போய்ச் சேர்ந்தேன். கதவில் கையால் எழுதிய அட்டை: தீர்ந்துவிட்டது. காற்றில் புகை வாசனை இன்னும் இருந்தது. பக்கத்து பெட்ரோல் பங்கில் நின்றிருந்த பெரியவர் சொன்னார்: "இங்கே பன்றியை முந்தின நாள் சாயங்காலம் தணலில் ஏற்றுவார்கள். ராத்திரி முழுக்க வேகும். காலையில் தயார். மதியம் காலி." அதற்குப் பிறகு கிளையன்டிடம் பேசி என் மதிய இடைவேளையைப் பதினொன்றரைக்கு மாற்றிக்கொண்டேன். சாயங்காலத்துக்கு ஒரு ஆப்பிள், கொஞ்சம் கடலை போதும். உங்கள் பேட்டாவையும் மதியத்துக்கே செலவழியுங்கள். இன்னொன்று, இப்படிப்பட்ட கடைகள் பலவற்றுக்கு ஞாயிறு, திங்கள் விடுமுறை. உங்களுக்கு வசதியான நாட்கள் செவ்வாய், புதன், வியாழன்.

முதலில் வட கரோலினாவின் ராலே. அங்கிருந்து கிழக்கே ஒன்றரை மணி நேரம் போனால் எய்டன் என்ற சிற்றூர். அங்கே 1947-இல் பீட் ஜோன்ஸ் தொடங்கிய ஸ்கைலைட் இன். கூரைமேல் வாஷிங்டன் கேபிடல் கட்டடத்தைப் போல ஒரு குவிமாடம் வைத்திருக்கிறார்கள், அதுதான் அடையாளம். உள்ளே நுழைந்ததும் முதலில் கேட்பது சத்தம். விறகுத் தணலில் வெந்த முழுப் பன்றியை ஒருவர் மரக்கட்டைமேல் போட்டு, இரண்டு கைகளிலும் வெட்டுக்கத்தி பிடித்துக் கொத்திக்கொண்டிருப்பார். நம்ம ஊர் கொத்து பரோட்டாக் கல்லில் எழுகிற அதே தாளம். மொறுமொறுப்பான தோலையும் சேர்த்தே கொத்தி, வினிகரும் மிளகாயும் உப்பும் போட்டுப் பிரட்டுவார். காகிதத் தட்டில் கறி, அதன்மேல் ஒரு தாள், அதன்மேல் தட்டையான கெட்டி கார்ன்பிரெட் என்ற மக்காச்சோள ரொட்டி, அதற்கும் மேலே ஸ்லா என்ற முட்டைக்கோஸ் சாலட். அடுக்கை அப்படியே கையில் தருவார்கள். முதல் வாயிலேயே மென்மையான கறிக்கு நடுவில் தோல் கடிபடும், உடனே வினிகரின் புளிப்பு. நான் அந்த மதியம் யாரோடும் பேசவில்லை.

மாட்டிறைச்சி பற்றிக் கேட்டிருந்தீர்கள். கரோலினாக்களில் பார்பிக்யூ என்றாலே பன்றிதான், கவலையே வேண்டாம். பிரிஸ்கெட் என்ற மாட்டு நெஞ்சுக்கறி டெக்சாஸின் சொத்து. ஆனால் எங்கே போனாலும் பேக்ட் பீன்ஸ் வாங்கும்போது மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். வெட்டி மிஞ்சிய இறைச்சியை அதில் போடுகிற வழக்கம் உண்டு.

ராலேயிலிருந்து மேற்கே போனால் லெக்சிங்டன். அங்கே முழுப் பன்றி இல்லை, தோள்கறி மட்டும். வினிகரில் கொஞ்சம் தக்காளி கெட்சப் கலப்பார்கள், ஸ்லாவும் சிவப்பாகவே இருக்கும். 'அவுட்சைட் பிரவுன்' என்று கேளுங்கள். புகையில் கருகின மேற்புறத் துண்டுகளை எடுத்துத் தருவார்கள். கிழக்கா மேற்கா என்று அந்த ஊர்க்காரர்கள் சண்டையே போடுவார்கள். நான் கிழக்கின் பக்கம்.

அடுத்து அலபாமாவின் பர்மிங்ஹாம். அங்கே நீங்கள் தேட வேண்டியது பார்பிக்யூவை விட 'மீட் அண்ட் த்ரீ'. ஒரு கறி, மூன்று காய், கூட கார்ன்பிரெட், ஸ்வீட் டீ. ஒரு செவ்வாய்க்கிழமை நான் தட்டோடு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் மின்வாரிய ஆட்கள் இருவர், பின்னால் கோட் போட்ட வக்கீல். கண்ணாடிக்குப் பின்னால் நீளமாகத் தட்டங்கள்: கொலார்ட் கீரை, பட்டர் பீன்ஸ், வறுத்த வெண்டைக்காய், தட்டைப்பயறு, மக்ரோனி சீஸ். அங்கே மக்ரோனியும் காய்க் கணக்கில்தான் வரும். பரிமாறிய அம்மா, "என்ன வேணும், பேபி?" என்றார். நம்ம பக்கத்தில் "என்ன வேணும், கண்ணு?" என்று கேட்பது மாதிரியே. கூச்சமெல்லாம் அங்கேயே போய்விடும். தனியாக வருகிறவர்கள்தான் அந்த வரிசையில் பாதிப் பேர்.

கீரையைச் சாப்பிட்டுவிட்டுத் தட்டில் நிற்கும் தண்ணீரை விட்டுவிடாதீர்கள். 'பாட் லிக்கர்' என்பார்கள். அதில் கார்ன்பிரெட்டை நனைத்துச் சாப்பிட வேண்டும். கீரையைப் பன்றி எலும்பு போட்டுத்தான் மணிக்கணக்கில் வேகவைப்பார்கள். இதைப் படிக்கிற சைவ வாசகர்கள் கேட்காமல் எதையும் எடுத்துவிடக் கூடாது, பீன்ஸிலும் பன்றிக்கறி இருக்கலாம். வெண்டையும் தட்டைப்பயறும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவை, அடிமைகளாகக் கடத்திக் கொண்டுவரப்பட்ட மக்களோடு. ராத்திரி முழுக்கக் கண்விழித்துத் தணல் பார்க்கும் வேலையையும் தலைமுறை தலைமுறையாகப் பெரும்பாலும் அவர்கள்தான் செய்தார்கள்.

அதனால் இதையும் தெரிந்துகொண்டு சாப்பிடுங்கள். பர்மிங்ஹாமில் ஆலீஸ் பார்பிக்யூ என்று ஒரு கடை இருந்தது. அங்கே வேலை பார்த்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு கறுப்பினத்தவர். ஆனால் கறுப்பின வாடிக்கையாளர் உள்ளே உட்கார முடியாது, பொட்டலம் மட்டும் வாங்கிப் போகலாம். 1964-இல், உணவகங்களில் நிறம் பார்த்து ஒதுக்கக் கூடாது என்கிற சிவில் உரிமைச் சட்டம் வந்ததும் அந்தக் கடைக்காரர் அதை எதிர்த்து நீதிமன்றம் போனார். அந்தக் கடை வாங்கும் உணவுப் பொருளில் ஏறக்குறைய பாதி வெளி மாநிலத்திலிருந்து வந்த இறைச்சி, ஆகவே மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தை ஒழுங்குபடுத்த மத்திய அரசுக்கு உள்ள அதிகாரத்தில் இந்தச் சட்டம் செல்லும் என்று அதே வருடம் டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. மின்வாரிய ஆளும் வக்கீலும் நானும் ஒரே வரிசையில் நின்றதற்குப் பின்னால் அந்தத் தீர்ப்பு இருக்கிறது. நம் நிறத்தோடு அங்கே போகிற நாம் அதை மறக்கக் கூடாது என்று நான் உண்மையாகவே நினைக்கிறேன்.

பர்மிங்ஹாமுக்கு வடக்கே டிகேட்டரில் 1925 முதல் பிக் பாப் கிப்சன் இருக்கிறது. மயோனைஸும் வினிகரும் கலந்த வெள்ளைச் சாஸில் புகைக்கோழியை முழுசாக முக்கி எடுத்துத் தருவார்கள். கோழி பிடிக்கும் என்றால் ஒருமுறை போய் வாருங்கள்.

மெம்பிஸில் ரிப்ஸ் என்ற பன்றி விலாக்கறி பற்றி எல்லாரும் சொல்வார்கள், நான் சொல்ல வேண்டியதில்லை. காலையில் மீட்டிங் இல்லாத நாள் ஒன்று கிடைத்தால் ஆற்றைத் தாண்டி ஆர்கன்சாவுக்குள் மரியானா வரை போங்கள். ஜோன்ஸ் பார்-பி-க்யூ டைனர். நூறு வருடத்துக்கு மேலாக ஒரே கறுப்பினக் குடும்பம் நடத்துகிறது. பன்றிக்கறி, சாதாரண வெள்ளை பிரெட், ஸ்லா. வேறு எதுவும் இல்லை. 2012-இல் அமெரிக்க உணவகங்களுக்கான பெரிய விருதான ஜேம்ஸ் பியர்ட் விருது கொடுத்தார்கள், அதற்குப் பிறகும் பிரெட் மாறவில்லை. 2021-இல் தீப்பிடித்தது, பழுதுபார்த்து மறுபடியும் அடுப்பு மூட்டிவிட்டார்கள். காலையிலேயே போங்கள், கறி தீர்ந்தால் கதவைச் சாத்திவிடுவார்கள்.

மற்ற ஊர்களில் எப்படிக் கண்டுபிடிப்பது? ஓட்டல் வரவேற்பில் கேட்டால் உங்களைப் போன்ற விருந்தினருக்கு எது பொருந்தும் என்று யோசித்துச் சொல்வார்கள். கிளையன்ட் அலுவலகத்தில் ஏசி ரிப்பேர் பார்க்கிறவர், காவலாளி, சரக்கு இறக்குகிறவர், இவர்களிடம் "நேற்று மதியம் எங்கே சாப்பிட்டீர்கள்?" என்று கேளுங்கள். நல்ல இடம் எது என்று கேட்காதீர்கள், நேற்று எங்கே என்று கேளுங்கள். பிறகு பார்பிக்யூ கடை என்றால் பின்பக்கம் ஒரு சுற்று வந்து பாருங்கள். ஹிக்கரியோ ஓக்கோ விறகு அடுக்கி, அதில் பாதி எடுத்த தடம் தெரிந்தால் தைரியமாக உள்ளே போகலாம். வெறும் காட்சிக்கு வைத்த விறகில் தூசி படிந்திருக்கும்.

பர்மிங்ஹாமிலிருந்து வியாழக்கிழமை நீங்கள் காரில் திரும்புவீர்கள் என்று நினைக்கிறேன். வழியில் எங்காவது 'பாயில்ட் பீநட்ஸ்' என்று கையெழுத்துப் பலகை கண்டால் நிறுத்துங்கள். தோலோடு உப்புத் தண்ணீரில் வெந்த கடலை, நம்ம ஊர்ச் சந்தையில் கிடைக்கிற அதேதான். சூடாக ஒரு பை வாங்கிப் பக்கத்து இருக்கையில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் மதியம் எங்கே சாப்பிட்டீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.