போனில் சொல்லாமல் விட்டவை

அன்புள்ள அக்கா,

வேலூர்ப் பக்கம், வீட்டுக்கு வீடு மிலிட்டரிக்காரர் இருக்கிற ஊர் எங்களுடையது. என் வீட்டுக்காரர் ஹவில்தார். இப்போது லடாக்கில், மலை மேல் ஒரு போஸ்டில் இருக்கிறார். போன் எப்போது வரும் என்று தெரியாது, வந்தால் ஐந்து நிமிடம். 'எல்லாரும் நல்லா இருக்கோம்' என்று மட்டும் சொல்லி வைத்துவிடுகிறேன். மாமியார் வழுக்கி விழுந்து கை முறிந்ததைச் சொல்லவில்லை. பக்கத்து நிலத்துக்காரர் வரப்பை வெட்டி நம் பக்கம் வந்துவிட்டதையும் சொல்லவில்லை. அங்கே அவர் மனசு கலங்கக்கூடாதே! ஆனால் எனக்கு இங்கே நெஞ்சு அடைக்கிறது. நான் செய்வது சரியா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு அம்மா ஞாபகம்தான் வந்தது. அப்பாவும் பட்டாளம். 1986-இல் காஷ்மீரில் இருந்தார். இன்லாண்டு லெட்டரில் அவர் பெயர், நம்பர், யூனிட், கீழே '56 ஏபிஓ' என்று ராணுவத் தபால் நிலையத்தின் நம்பரை எழுதுவோம். ஊர்ப் பெயரே கிடையாது. அந்த வருஷம் எங்கள் செவலைப் பசு பாம்பு கடித்துச் செத்துப்போனது. கன்றாக இருந்தபோது அப்பா சந்தையில் பார்த்துப் பிடித்து வந்த மாடு. அம்மா எழுதவில்லை. ஆறு மாதமும் 'மாடு கன்று சுகம்' என்றே எழுதினாள்.

லீவில் வந்தவர் டிரங்குப் பெட்டியைத் திண்ணையில் இறக்கிவிட்டு, பூட்ஸைக்கூடக் கழற்றாமல் நேராகத் தொழுவத்துக்குப் போனார். கையில் இரண்டு வாழைப்பழம், மாட்டுக்கென்று வாங்கியது. வெறும் முளைக்குச்சியைப் பார்த்தபடி நின்றார். அம்மாவை ஒரு வார்த்தை திட்டவில்லை. ஆனால் திரும்பிப் போனபின் வந்த ஒவ்வொரு கடிதத்திலும் ஒரே கேள்வியை இரண்டு தடவை எழுதியிருப்பார்: 'பிள்ளைகள் நிஜமாகவே நல்லா இருக்காங்களா?' அவர் நிம்மதி கெடக்கூடாது என்று அம்மா மறைத்தாள். அதற்கப்புறம் அம்மா எழுதிய நல்ல சேதியைக்கூட அவரால் முழுசாக நம்ப முடியவில்லை.

அதனால் சொல்லிவிடுங்கள். எப்படிச் சொல்வது என்பதில்தான் கவனம் வேண்டும். 'அத்தை இப்போது நன்றாக இருக்காங்க, பக்கத்திலேயே உட்கார்ந்திருக்காங்க' என்று ஆரம்பித்து, அப்புறம் விழுந்த கதை, கட்டுப் போட்டது. முடிந்தால் போனை அவர்களிடமே கொடுங்கள். அம்மா குரலைக் கேட்டுவிட்டால் அவருக்குப் பாதி பாரம் இறங்கிவிடும். லைன் பாதியில் அறுந்துபோனாலும் நல்ல சேதி முதலில் போய்ச் சேர்ந்திருக்கும்.

வரப்பு விஷயத்தில் மறைப்பது உங்களுக்கே நஷ்டம். அவர் சொன்னால்தான் அவருடைய கமாண்டிங் ஆபீசர் நம் கலெக்டருக்குக் கடிதம் எழுத முடியும். அப்படி எழுதுவது ராணுவத்தில் வழக்கம்தான், யாரும் அவரைக் குறைவாக நினைக்கப்போவதில்லை. வேலூரில் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. பெயரில் 'முன்னாள்' என்றிருப்பதால் நமக்கில்லை என்று பல பெண்கள் அங்கே போவதே இல்லை. பணியில் இருப்பவர்களின் குடும்பத்துக்கும் அதுதான் இடம். படைவீரர் குடும்பங்களுக்கென்று கலெக்டர் தனியாக நடத்தும் குறைதீர்க்கும் கூட்டம் எப்போது என்று அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். எதிராளி கோர்ட்டுக்குப் போவேன் என்று மிரட்டினாலும் பயப்படாதீர்கள். போர்க்காலம் போன்ற விசேஷச் சூழலில் பணியில் இருக்கும் வீரர் மீதான வழக்கு, அவர் இல்லாமலே நடந்து முடிந்துவிடாதபடி நிறுத்திவைக்க 1925-இலேயே சட்டம் போட்டிருக்கிறார்கள். உங்கள் வழக்குக்கு அது பொருந்துமா என்று வக்கீலிடம் கேட்க வேண்டும்.

நீங்கள் எழுதாமலே விட்ட ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ராத்திரி நியூஸ் சேனல் பார்க்கிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். அங்கே கத்துகிற எவருக்கும் உங்கள் வீட்டுக்காரர் எந்த போஸ்டில் நிற்கிறார் என்று தெரியாது.

அடுத்த போன் வருவதற்குள் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்: அத்தை கை, வரப்பு, அப்புறம் அவரே முடிவு சொல்ல வேண்டிய சின்ன விஷயம் ஒன்று, இந்தப் போகம் என்ன விதைப்பது என்கிற மாதிரி. அலுவலகத்துக்குப் போகும்போது பட்டா நகல், அவருடைய சர்வீஸ் நம்பர், யூனிட் விலாசம் மூன்றும் கையில் இருக்கட்டும். போய் வந்து என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள். அத்தை கையில் கட்டு எப்போது பிரிக்கிறார்கள் என்பதையும்.