ஒரே படகு, அவருக்கு ஏழு மீன், எனக்கு ஒன்று

இங்கிலாந்தின் லெஸ்டரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். ஃப்ளை என்ற போலிப் பூச்சியை முள்ளில் கட்டி, ட்ரவுட் என்ற நன்னீர் மீனைப் பிடிப்பவர். சுருக்கமாக அவர் கேள்வி இது: "இரண்டு வருடமாக ஃப்ளை ஃபிஷிங் செய்கிறேன். சின்னக் குட்டைகளில் வெறுங்கையோடு திரும்பியதில்லை. இந்த மே மாதம் எங்கள் கிளப் போட்டிக்காக முதல் தடவை ரட்லண்ட் வாட்டர் நீர்த்தேக்கத்தில் படகேறினேன். எட்டு மணி நேரத்தில் எனக்கு ஒரு ட்ரவுட். கூட இருந்த பெரியவருக்கு ஏழு. நான் ஓயாமல் வீசி இழுத்துக்கொண்டே இருந்தேன். அவரோ நூலை இழுத்த மாதிரியே தெரியவில்லை, சும்மா பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அடுத்த போட்டி ஜூலையில். எந்த ஃப்ளை வாங்கினால் கை கொடுக்கும்? இன்னொன்று, நான் எழுந்து நின்று வீசியபோது அவர் முகம் மாறியது. ஏன்?"

முதலில் ஒரு வேண்டுகோள். ஃப்ளை எதுவும் வாங்காதீர்கள். உங்கள் பெட்டியில் இப்போது இருப்பதே ஜூலைக்குப் போதும். உங்களுக்கும் அந்தப் பெரியவருக்கும் இருந்த வித்தியாசம் ஃப்ளையில் இல்லை. மீன் எந்த ஆழத்தில் நிற்கிறது, அந்த ஆழத்தில் ஃப்ளை எவ்வளவு நேரம் இருக்கிறது, என்ன வேகத்தில் நகர்கிறது என்பதில்தான் இருந்தது. குட்டையில் இதைப் பற்றி யோசிக்கவே தேவையில்லை, ஏனென்றால் அங்கே மீன் போக இடம் இல்லை. ரட்லண்ட் சுமார் 3,100 ஏக்கர். அணைக்கட்டுப் பக்கம் நூறு அடிக்கு மேல் ஆழம். அவ்வளவு தண்ணீரில் மீன் இல்லாத இடமே அதிகம்.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய "சும்மா பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்" என்ற வரியில்தான் விடை இருக்கிறது. மே மாதம் என்றால் அங்கே பஸ்ஸர் காலம். பஸ்ஸர் என்பது கொசு மாதிரி இருக்கும், ஆனால் கடிக்காத ஒரு பூச்சி. அதன் புழு அடிச்சேற்றில் வளர்ந்து, கூட்டுப்புழுவாகி, மெதுவாக மேலே ஏறி வந்து, நீர்ப்பரப்பில் தோலைக் கிழித்துக்கொண்டு பறந்துபோகும். அப்படி ஏறி வரும்போது அதால் வேகமாக நீந்த முடியாது. ஏறும், நிற்கும், கொஞ்சம் நெளியும், மறுபடி ஏறும். ட்ரவுட்டுக்கும் அதைத் துரத்த வேண்டிய அவசியம் இல்லை. நிதானமாக வந்து ஒவ்வொன்றாக உறிஞ்சிவிட்டுப் போகும். அந்த நேரத்தில் உங்கள் ஃப்ளை விறுவிறுவென்று ஓடினால், மீனின் கண்ணுக்கு அது சாப்பாடாகவே தெரியாது.

பெரியவர் சும்மா இருக்கவில்லை. அடுத்த முறை அவர் இடது கையைப் பாருங்கள். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் நூலைப் பிடிக்கும், மணிக்கட்டு திரும்பும், கடைசி இரண்டு விரல்கள் நூலின் அடுத்த பகுதியை உள்ளங்கைக்குள் அள்ளும். திரும்பத் திரும்ப இதே அசைவு. எட்டு போடுவது போலிருப்பதால் ஃபிகர் ஆஃப் எய்ட் என்கிறார்கள். படகு காற்றில் தள்ளப்பட்டு ஃப்ளை கிடக்கும் பக்கமாகவே போகிறது, இல்லையா? அதனால் நூல் தானாகவே தளரும். அந்தத் தளர்வை மட்டும் அவர் எடுத்துக்கொண்டிருந்தார். நூல் நேராக இருக்கும், ஃப்ளை கிட்டத்தட்ட இருந்த இடத்திலேயே தொங்கும். மீன் வாயில் எடுத்தால் நூல் விறைப்பது விரலுக்குத் தெரியும். பார்க்க ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும் இந்த வேலை கைக்கு வர எனக்கு இரண்டு சீசன் ஆயிற்று.

ஜூலையில் கதை வேறு. அப்போது மீன்களில் பெரும்பகுதி டாப்னியாவின் பின்னால் திரியும். மீன்தொட்டிக் கடைகளில் குஞ்சுகளுக்குத் தீனியாக விற்பார்களே, அந்த நுண்ணிய நீர்ப்பூச்சிதான். கோடையில் அது கோடிக்கணக்கில் பெருகி மேகம் மாதிரி மிதக்கும். ட்ரவுட் அந்த மேகத்துக்குள் நுழைந்து வாரி விழுங்கும். ஊசிமுனை அளவு பூச்சியை யாரும் முள்ளில் கட்ட முடியாது. அதனால்தான் பிளாப் என்ற ஆரஞ்சு, இளஞ்சிவப்புப் பஞ்சு உருண்டையை அதன் வழியில் இழுக்கிறோம். பசியைவிட, சுறுசுறுப்பாகத் திரியும் மீனின் ஆத்திரமோ ஆர்வமோதான் அதைக் கடிக்க வைக்கிறது என்பது என் எண்ணம்.

டாப்னியாவுக்கு வெயில் ஆகாது. வெளிச்சம் ஏறினால் கீழே இறங்கும், மேகம் மூடினால் மேலே வரும். மீனும் கூடவே இறங்கும், ஏறும். காலை பத்து மணிக்கு நாலடியில் மீன் கிடைத்ததென்று நண்பகல் வெயிலிலும் அதே நாலடியில் வீசிக்கொண்டிருந்தால் பகல் முழுவதும் வீண். போட்டிகளில் கை தேர்ந்தவர்கள் ஒரு நாளில் நாலைந்து தடவை நூலை மாற்றுவது இதற்காகத்தான். ஃப்ளையை அல்ல, நூலை.

சரி, ஆழத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? எண்ணித்தான். டிஐ 3, டிஐ 5, டிஐ 7 என்று மூழ்கும் நூல்கள் கடையில் இருக்கின்றன. டிஐ 5 என்றால் வினாடிக்கு ஏறத்தாழ 5 அங்குலம் இறங்கும் என்று பொருள். வீசியதும் மனதுக்குள் வினாடிக்கு ஒன்றாக எண்ணுங்கள். 12 வரை எண்ணினால் 60 அங்குலம், அதாவது 5 அடி. 24 எண்ணினால் 10 அடி. முதல் வீச்சில் 6 எண்ணிவிட்டு இழுங்கள், அடுத்ததில் 12, அப்புறம் 18, அப்புறம் 24. எந்த எண்ணில் மீன் தட்டியதோ அந்த எண்ணுக்கு உடனே திரும்பிப் போங்கள். இரண்டாவது மீனும் அங்கேயே வந்தால் ஆழம் கிடைத்துவிட்டது.

மீன் எந்தக் கட்டத்தில் தட்டுகிறது என்பதையும் கவனியுங்கள். நீங்கள் எண்ணிக்கொண்டிருக்கும்போதே, ஃப்ளை இறங்குகையிலேயே தட்டினால் மீன் நீங்கள் நினைத்ததைவிட மேலே நிற்கிறது. கனம் குறைந்த நூலுக்கு மாறுங்கள். எண்ணி முடித்து முதல் இரண்டு இழுப்பில் தட்டினால் சரியான ஆழத்தில் இருக்கிறீர்கள். படகுக்குப் பக்கத்தில் வந்த பிறகே தட்டினால் மீன் பின்னாலேயே வந்திருக்கிறது, ஆனால் நீங்கள் இழுத்த விதம் அதற்குப் பிடிக்கவில்லை. வேகத்தை மாற்றிப் பாருங்கள்.

இந்த மூன்றாவதைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதியவர்கள் மீனை இழப்பது பெரும்பாலும் இங்கேதான். நூல் முழுக்க இழுத்து முடிந்ததும் மறுவீச்சு அவசரத்தில் ஃப்ளையை வெடுக்கென்று தண்ணீரிலிருந்து பிடுங்கிவிடுகிறோம். பின்தொடர்ந்து வந்த மீன் திகைத்துப் போய்த் திரும்பிவிடும். அதற்குப் பதிலாக, நூல் நுனி தூண்டில் கோலுக்கு அருகில் வந்ததும் இழுப்பதை நிறுத்துங்கள். கோலை மெதுவாக உயர்த்துங்கள். ஒரே நூலில் வரிசையாக மூன்று ஃப்ளை கட்டியிருந்தால், முதலில் மேல் ஃப்ளை நீர்ப்பரப்பை நெருங்கும். அங்கே அப்படியே பிடித்துக்கொண்டு ஐந்து வரை எண்ணுங்கள். பிறகு இன்னும் உயர்த்துங்கள், நடு ஃப்ளை மேலே வரும், மறுபடி நிறுத்துங்கள். இதைத்தான் ஹேங் என்கிறார்கள். கண்ணைத் தண்ணீரிலேயே வையுங்கள். போலராய்டு கண்ணாடி இல்லாமல் படகேறக் கூடாது. பச்சைத் தண்ணீருக்குள் ஒரு வெளிறிய புரளல் தெரியும், அவ்வளவுதான். அது மீன் திரும்பும்போது தெரியும் விலாப் பக்கம். அந்தக் கணத்தில் கோலை உயர்த்தினால் முள் பிடித்திருக்கும். எனக்குக் கிடைத்த மீன்களில் பாதிக்குப் பாதி படகிலிருந்து பத்தடிக்குள் எடுத்தவை என்று தயங்காமல் சொல்வேன்.

எத்தனை ஃப்ளை கட்டுவது? சர்வதேச விதிகளில் நாலு வரை அனுமதி, இங்கிலாந்துக் கிளப்புகள் பலவும் அதையே பின்பற்றுகின்றன. நீங்கள் மூன்றோடு தொடங்குங்கள்; நாலு சிக்கினால் அவிழ்க்கவே அரை மணி நேரம் போய்விடும். நூல் முனையில் கட்டும், 8 பவுண்டு தாங்கும் மெல்லிய ஃப்ளோரோகார்பன் நரம்பில், நூல் முனையிலிருந்து 6 அடியில் முதல் ஃப்ளை, அங்கிருந்து 5 அடியில் இரண்டாவது, இன்னும் 5 அடியில் கடைசி. கடைசியில் பூபி கட்டுங்கள். அதன் கண்கள் நுரையால் ஆனவை, மிதக்கும். மற்ற இரண்டும் டயவுல் பாக் போன்ற மெலிந்த நிம்ஃப்கள், அதாவது நீருக்குள் வாழும் பூச்சிக் குஞ்சுகளைப் போலச் செய்த ஃப்ளைகள். மிதக்கும் நூலில் இதைப் போட்டால் இரு முனையும் மேலே நிற்க, நடுவிலுள்ளவை கொடியில் காயப்போட்ட துணி மாதிரி தொங்கும். பெயரே வாஷிங் லைன்தான். மேகமூட்டமான நாளில் மீன் மேலே வந்துவிட்டால் இதைவிட நல்ல அமைப்பை நான் கண்டதில்லை.

இனி இடம். ரட்லண்டில் வடக்குக் கிளை, தெற்குக் கிளை, நடுவே ஹாம்பிள்டன் தீபகற்பம், கிழக்கே அணையை ஒட்டிய பெரிய பரப்பு. போட்டி தொடங்கியதும் எல்லாப் படகும் ஒரு பக்கம் பறந்தால் பின்னால் பறக்கத் தோன்றும். அப்படிப் போகாமல், முந்தின நாளே ஃபிஷிங் லாட்ஜில் விசாரித்து, முடிந்தால் ஒரு நாள் பயிற்சிக்குப் போய், நீங்களே ஒரு இடம் முடிவு செய்துகொள்ளுங்கள். பயிற்சியில் எத்தனை மீன் பிடித்தீர்கள் என்பது முக்கியமில்லை, முதல் மீனின் வயிற்றில் என்ன இருக்கிறது என்பதுதான் முக்கியம். கொன்ற மீனின் தொண்டை வழியாக நீளக் கரண்டியை விட்டுத் திருப்பி எடுத்து, வெள்ளைத் தட்டில் கொஞ்சம் தண்ணீரோடு கொட்டிப் பாருங்கள். கூழ் மாதிரி இருந்தால் டாப்னியா. கறுப்பாக, வளைந்து கிடந்தால் பஸ்ஸர்.

மீன் கிடைத்த இடத்தைப் பிடித்து வைப்பது இன்னொரு வேலை. காற்றில் படகு நகர்ந்துகொண்டே இருப்பதால் பத்து நிமிடத்தில் எங்கே இருந்தோம் என்பதே தெரியாது. நம் கட்டுமரக்காரர்கள் கரையில் ஒரு கோபுரத்தையும் பின்னால் ஒரு மலையையும் ஒரே கோட்டில் வைத்து, கடலுக்குள் இருக்கும் பாறையைக் கண்டுபிடிப்பார்களே, அதே வித்தை இங்கேயும் செல்லும். நார்மண்டன் தேவாலயம் தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டு தனியாக நிற்கிறது, அதைவிட நல்ல அடையாளம் வேண்டுமா? அதோடு ஒரு மரத்தைச் சேர்த்துக் கோடு போடுங்கள், வேறு பக்கம் இன்னொரு கோடு. இரண்டும் வெட்டும் இடத்தைத் தாண்டி, காற்று வரும் திசையில் கொஞ்சம் போய், அங்கிருந்து மறுபடி படகைக் காற்றில் மிதக்க விடுங்கள். ட்ரோக் என்ற நீர்ப் பாராசூட்டை மறக்காதீர்கள். காற்று பலமாக இருந்தால் அது இல்லாமல் ஃப்ளையின் மேலேயே படகு ஏறிவிடும், எந்த ஆழத்தையும் எண்ணிப் பிடிக்க முடியாது.

கடைசியாக, பெரியவரின் முகம். இப்படிப் படகில் மிதந்தபடி மீன் பிடிப்பதற்கு லாக் ஸ்டைல் என்று பெயர் வந்தது ஸ்காட்லாந்து ஏரிகளிலிருந்து; அங்கே ஏரியை லாக் என்பார்கள். லாக் லீவன் என்ற ஏரியில் 1880-லேயே தேசியப் போட்டி நடந்திருக்கிறது. இருவர் ஒரே படகில், காற்றின் போக்கில், தங்களுக்கு முன்னால் மட்டும் வீசுவது மரபு. எழுந்து நின்றால் பெரும்பாலான போட்டிகளில் விதிமீறல், அதைவிட முக்கியமாகப் படகு சாயும், நிழல் நீளும், இருவருடைய மீனும் கலையும். அவர் பயந்திருப்பார், கோபமாக இருந்திருக்க வாய்ப்பில்லை. படகை நடுவில் ஒரு கோடாகப் பிரித்துக்கொள்ளுங்கள், அவர் பாதிக்குள் நூலைப் போடாதீர்கள். பின்வீச்சும் அவர் தலைக்கு மேலே போகக் கூடாது. காற்று வரும் திசைக்குத் திரும்பிப் போகும்போது மற்றப் படகுகளின் முன்னால் குறுக்கே ஓட்டாமல் அகலமாகச் சுற்றிப் போங்கள். லைஃப் ஜாக்கெட் கரையிலேயே போட்டுவிடுங்கள், கோடையிலும் கழற்றாதீர்கள். ஃப்ளையின் நீளத்துக்கும் வரம்பு உண்டு. சர்வதேச அளவு 15/16 அங்குலம், கிட்டத்தட்ட 24 மில்லிமீட்டர். பெட்டியிலுள்ள பூபிகளை இன்றே அளந்து, நீளமானவற்றைத் தனியே எடுத்து வையுங்கள். எத்தனை மீனுக்கு மேல் கொல்லக் கூடாது, சீக்கிரம் முடித்தால் கூடுதல் புள்ளி உண்டா என்பதெல்லாம் கிளப்புக்குக் கிளப் மாறும், செயலாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிடித்ததை விட்டுவிடும் போட்டியானால் ஜூலையில் ஒரு கவனம் தேவை. மேல் தண்ணீர் சூடேறியிருக்கும்போது ஆழத்திலிருந்து இழுத்து வந்த ட்ரவுட் தாங்காது. சட்டென்று படகருகே கொண்டுவந்து, தண்ணீருக்குள்ளேயே வைத்து முள்ளை எடுத்து, அது தானாக உதறிக்கொண்டு போகும் வரை பிடித்திருங்கள்.

ஜூலைப் போட்டி முடிந்ததும் எனக்கு மறுபடி எழுதுங்கள். எத்தனை மீன் என்பது வேண்டாம். முதல் மீன் எந்த நூலில், எத்தனை எண்ணியபோது, எந்த மணிக்கு வந்தது, வானம் எப்படி இருந்தது என்று எழுதுங்கள்.