விருந்தாளிகளின் அரசியல் – கடிதம்

அன்புள்ள அக்கா,

பாங்காக்கில் ஏழு வருடமாக இருக்கிறேன். மென்பொருள் வேலை. சனிக்கிழமைகளில் நாங்கள் ஏழெட்டு வெளிநாட்டுக்காரர்கள் மதியச் சாப்பாட்டுக்குக் கூடுவோம். 2025 செப்டம்பரில் முன்னாள் பிரதமர் தக்சினைச் சிறைக்கு அனுப்பியதிலிருந்து அந்தச் சாப்பாடு சண்டையில்தான் முடிகிறது. வடகிழக்கு ஈசான் பகுதிப் பெண்ணைக் கட்டிய இங்கிலாந்துக்காரருக்கு அவர் ஏழைகளின் தெய்வம். பஹுரத்தில் துணிக்கடை வைத்திருக்கும் பஞ்சாபிக்கு அவர் திருடன். ஓய்வுபெற்ற ஜெர்மானியருக்கு விசா கெடுபிடி கூடாமல் இருந்தால் யார் ஆண்டாலும் சரி. எனக்கு மூன்று பேர் சொல்வதுமே சரியாகப் படுகிறது.

நம்மைப் போன்றவர்கள் இந்த நாட்டு அரசியலில் கருத்து வைத்திருக்கலாமா? கிராமத்து ஜனங்கள் காசு வாங்கிக்கொண்டு ஓட்டுப் போடுவதுதானே எல்லாவற்றுக்கும் காரணம்? ராணுவம் இருந்த காலத்தில் ஊர் அமைதியாகவே இருந்தது என்கிறார்கள். அப்புறம், இந்தத் தலைவர்கள் ஏன் ஓடிப்போவதும் திரும்பி வருவதுமாக இருக்கிறார்கள்? கடைசியாக ஒன்று, தாய்லாந்து மொழி கற்க நல்ல வழி ஏதாவது உண்டா?

பெயர் வேண்டாம்.

*

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று மொட்டைமாடியில் வடகம் காயப்போட்டிருந்தோம். காக்காய் விரட்ட என் மாமியார் கையில் வைத்திருந்தது ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் பாதம். ஒரு கைப்பிடி, அதில் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று பாதங்கள், ஐந்து விரலும் தெளிவாக. ஆட்டினால் படபடவென்று தட்டும். பதினைந்து வருடத்துக்கு மேலாக வீட்டில் கிடக்கிறது. அதைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன், நீங்கள் எழுதிவிட்டீர்கள்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். ஏழு வருடம்! ஏழு வருடம் ஒரு ஊரின் சோற்றைத் தின்றுவிட்டு, அந்த ஊர்ப் பேச்சைக் கற்க வழி என்னிடம் கேட்கிறீர்கள். உங்கள் சந்து முனையில் பழம் நறுக்கி விற்கும் அம்மாள் இருப்பாரே, அவரிடம் போய் நில்லுங்கள். தினமும் ஒரு பழத்தின் பெயர். அவ்வளவுதான் வழி.

கோபத்தில் சொல்லவில்லை, உங்கள் முதல் கேள்விக்கான பதிலும் இதற்குள்தான் இருக்கிறது. நான் சிலோம் பக்கம், மாரியம்மன் கோயிலை ஒட்டிய பான் ரோட்டுச் சந்து ஒன்றில் எட்டு வருடம் இருந்தேன். ஒரு பள்ளியில் வேலை. அந்த எட்டு வருடத்தில் நான் பார்த்தது இது: வெளிநாட்டுக்காரனின் தாய்லாந்து அரசியல் என்பது அவனோடு யார் பேசுகிறார்கள் என்பதுதான். ஈசானில் மாமனார் வீடு இருந்தால் சிவப்பு, அது தக்சின் ஆதரவாளர்களின் நிறம். பாங்காக் கம்பெனியில் முதலாளியோடு உட்கார்ந்து சாப்பிட்டால் மஞ்சள், அது அவரை எதிர்ப்பவர்களின் நிறம். முன்னாள் பிரதமர் அபிசித்தை அத்தனை பேருக்கும் பிடித்ததற்குக் காரணம், ஈட்டனிலும் ஆக்ஸ்போர்டிலும் படித்த அவருடைய ஆங்கிலம். மொழிபெயர்ப்பாளர் யாரோ அவர் கட்சிதான் நம் கட்சி. உங்களுக்கு மூன்று பேர் சொல்வதும் சரியாகப் படுவது நடுநிலை இல்லை தம்பி. மூன்று பேரும் உங்களிடம் ஆங்கிலத்தில் பேசுகிறார்கள், அவ்வளவுதான்.

2006 செப்டம்பர் 19 இரவு, தக்சின் நியூயார்க்கில் இருந்தபோது ராணுவம் ஆட்சியைக் கவிழ்த்தது, தெருவில் டாங்கிகள் வந்தன. மறுநாள் பார்த்தால் துப்பாக்கியில் மஞ்சள் ரிப்பன். எனக்குத் தெரிந்த வெளிநாட்டுக் குடும்பங்கள் குழந்தைகளைச் சிப்பாய் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். நானும் எடுத்தேன். 2008 நவம்பரில் மஞ்சள் சட்டைக்காரர்கள் சுவர்ணபூமி விமான நிலையத்தில் போய் உட்கார்ந்தபோதுதான் அதே குடும்பங்களுக்கு முதல்முறையாக ஜனநாயகத்தின் மேல் அக்கறை வந்தது, டிக்கெட் போய்விட்டதே! தேர்தலுக்கு முந்தைய நாள் சாயங்காலம் ஆறு மணியோடு மது விற்பனையை நிறுத்துவார்கள். தேர்தல் என்றாலே அந்த ஒன்றைப் பற்றி மட்டும் பேசிய ஒரு பெரிய மனிதரை எனக்குத் தெரியும். நிலம் வாங்க முடியாது, ஓட்டுக் கிடையாது, தொண்ணூறு நாளுக்கு ஒருமுறை இன்ன முகவரியில்தான் இருக்கிறேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். இப்படி இருக்கிறவன் வைத்திருக்கும் கருத்துக்கு அவன் தரவேண்டிய விலை ஒன்றுமில்லை. நம்மை அங்கே 'கேக்' என்பார்கள். வெட்டித் தின்கிற கேக் அல்ல, அந்தச் சொல்லுக்கு விருந்தாளி என்று அர்த்தம். மாரியம்மன் கோயிலே அவர்களுக்கு 'வாட் கேக்', விருந்தாளிகளின் கோயில். விருந்தாளி கருத்து வைத்துக்கொள்ளலாம், தாராளமாக. அந்த வீட்டில் யார் அடி வாங்கினார்கள் என்று தெரிந்துகொண்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

காசுக்கு ஓட்டு. நம் ஊரிலிருந்து போன நீங்கள் இதைக் கேட்கலாமா? சரி, போகட்டும். ஆனால் இதை அப்படியே விட மாட்டேன்.

எங்கள் சந்து முனையில் மோட்டார் சைக்கிள் டாக்சி நிறுத்தம் ஒன்று இருந்தது. ஆரஞ்சு நிற மேல்சட்டை, முதுகில் நம்பர். அதில் ஒருவர் ரோய் எட் மாகாணத்துக்காரர். அவரை நான் 'பீ' என்பேன். நம் அண்ணன் மாதிரியான சொல், அக்காவுக்கும் அதேதான். என்னைவிடப் பெரியவராக இருந்தும் அவரும் என்னை மரியாதைக்குப் 'பீ' என்பார். எங்களுக்குள் அந்தக் குழப்பம் கடைசிவரை தீரவில்லை. அவருடைய அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. முப்பது பாட் (தாய்லாந்துக் காசு) கட்டி மாவட்ட ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது. தக்சின் 2001-ல் கொண்டுவந்த திட்டம், பெரும்பாலான வைத்தியத்துக்கும் முப்பது பாட். அதற்கு முன்னால் அந்த அம்மாள் ஆறு வருடம் தடவித் தடவி நடந்திருக்கிறார். ஓட்டுக்குக் காசு கொடுத்தார்களா என்று ஒருநாள் கேட்டேன், எனக்கும் அன்று உங்கள் புத்திதான். "எல்லாக் கட்சியும் கொடுக்கும், எல்லாரிடமும் வாங்குவோம்" என்று சிரித்தார். ஆனால் கண் கொடுத்தது ஒருவர்தான் என்றார்.

என் பள்ளியில் கூட வேலை பார்த்த ஒரு பெண்ணிடம் இதைச் சொன்னேன். அன்பானவள், என் பிரசவத்துக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரியில் தூங்கியவள். "கீழே உள்ளவர்களுக்கு ஒரு கண் கொடுத்தால் நாட்டையே எழுதிக் கொடுத்துவிடுவார்கள்" என்றாள். சிவப்புச் சட்டைக்காரர்களுக்கு அவள் வைத்திருந்த பெயர் 'க்வாய் டேங்', சிவப்பு எருமைகள். 2010 ஏப்ரல் 22 இரவு சாலாடேங் ரயில் நிலையத்துப் பக்கம் குண்டுகள் விழுந்தபோது அவள் அங்கேதான் நின்றிருந்தாள். மறுநாளிலிருந்து சிப்பாய்களுக்கு ஐஸ் காபி வாங்கிக் கொடுத்தாள். அவளுடைய பயமும் பொய்யில்லை. அந்தப் பயத்தை இன்றும் என்னால் கேலி செய்ய முடியவில்லை.

அந்த மார்ச் மாதம் ஒருநாள் ராத்திரி 'பீ' என்னைச் சிவப்புச் சட்டைக்காரர்கள் கூடியிருந்த பான்ஃபா பாலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். ரோடு முழுக்கப் பாய். உரலில் பப்பாளி இடிக்கிற சத்தம், மீன் சாந்து வாசனை. மேடையில் திரை. அதில் தக்சின், எங்கோ வெளிநாட்டிலிருந்து. 2008-ல் ஒலிம்பிக் பார்க்கப் போகிறேன் என்று பெய்ஜிங் போனவர், ஊர் திரும்பவில்லை. அவர் ஒவ்வொரு வாக்கியம் முடிக்கும்போதும் ஆயிரக்கணக்கான பிளாஸ்டிக் பாதங்கள் தட்டின. மஞ்சள்காரர்கள் கை வடிவத்தில் தட்டி வைத்திருந்தார்கள், இவர்கள் பதிலுக்குப் பாதம் செய்துவிட்டார்கள். யார் பக்கமாவது காலை நீட்டினாலே அவமரியாதை என்கிற ஊரில்! தங்களை 'ப்ராய்' என்றார்கள், பண்ணையடிமை என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே இருப்பவன் 'அம்மாத்'. நம் அமாத்தியர்தான், அரசனின் மந்திரி. (ராணுவப் புரட்சிக்கு அங்கே 'ரத்தப்ரஹான்' என்று பெயர். ரத்தம் என்றே காதில் விழும், ஆனால் அது ராஷ்டிரமும் பிரஹாரமும்.) பக்கத்தில் இருந்த கிழவி திரையைப் பார்த்து அழுதாள். நடுவில் படம் நின்றுபோய் வாய் திறந்தபடி தக்சின் உறைந்து நின்றார். ஒருவர்கூட எழவில்லை. படம் திரும்ப ஓடும்வரை அந்த உறைந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

எனக்கு அன்று பயமாக இருந்தது. இல்லாத மனிதருக்கு இவ்வளவு அன்பு சேர்வது நல்லதில்லை என்று தோன்றியது. ஊரில் இருந்தபோது அவர் என்னவெல்லாம் செய்தார்? 2003-ல் போதைப்பொருள் ஒழிப்பு என்று சொல்லி மூன்று மாதத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சாவு. 2004-ல் தெற்கே தாக் பாய் என்ற ஊரில் கைதானவர்களை லாரியில் மூட்டை மாதிரி அடுக்கியதில் மூச்சு முட்டி 78 பேர். 2006-ல் குடும்பக் கம்பெனியைச் சிங்கப்பூருக்கு விற்று வரி கட்டாதது. திரையில் இது எதுவும் தெரியாது. தூரம் ஆளைக் கழுவிவிடும்.

மே 19-ல் ராணுவம் கூட்டத்தைக் கலைத்தது. அந்த இரண்டு மாதத்தில் தொண்ணூறு பேருக்கு மேல் செத்தார்கள். மூன்று வாரம் சந்து முனையில் 'பீ' இல்லை. ஒருநாள் காலை வந்து நின்றார், ஆரஞ்சு மேல்சட்டையோடு, ஒன்றும் நடக்காதது போல. வண்டியின் பெட்டியிலிருந்து ஒரு செய்தித்தாள் பொட்டலத்தை எடுத்து என்னிடம் கொடுத்து, "கேக் வீட்டில் யாரும் தேட மாட்டார்கள்" என்றார். அதுதான் எங்கள் மொட்டைமாடிக்கு வந்த பாதம். ராணுவம் இருந்தால் அமைதி என்கிறீர்களே, அந்தப் பொட்டலம்தான் அந்த அமைதி.

ஓடிப்போகும் தலைவர்கள். இது தக்சினோடு வந்த பழக்கம் இல்லை. மன்னரின் முழு ஆட்சியை முடித்த 1932 புரட்சிக்குப் பிறகு வந்த முதல் பிரதமரே அடுத்த வருடம் பினாங்கு போய் அங்கேயே செத்தார். மன்னர் பிரஜாதிபோக் முடி துறந்து இங்கிலாந்தில் செத்தார். பிரதமராக இருந்த பீபுன் ஜப்பானில். தம்மசாட் பல்கலைக்கழகத்தை நிறுவிய ப்ரீடி பனோம்யோங் 1947 ராணுவப் புரட்சியில் தப்பி, பிற்பாடு இருபது வருடம் போலச் சீனாவிலும் அப்புறம் பாரிஸ் பக்கமும் இருந்து 1983-ல் செத்தார். சாம்பல் ஊர் வந்தது 1986-ல். உயிரோடு திரும்பிய தக்சின் பாக்கியசாலி. 2023 ஆகஸ்ட் 22 விமானத்தில் வந்து இறங்கினார். அன்றிரவே சிறையிலிருந்து போலீஸ் ஆஸ்பத்திரிக்கு. எட்டு வருடத் தண்டனை ஒரு வருடமாகக் குறைந்தது. அவருடைய கட்சி அன்றுதான் ராணுவத்தோடு ஒட்டிய கட்சிகளைச் சேர்த்துக்கொண்டு ஆட்சிக்கு வந்தது. 2010-ல் செத்தவர்களின் வீடுகளில் அன்று டிவி ஓடியிருக்குமா என்று நினைத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் கழித்தது தண்டனையில் சேராது என்று நீதிமன்றம் சொன்னதுதான் உங்கள் சனிக்கிழமைச் சண்டை.

அந்தச் சண்டையில் நான் கேட்கிறேன், ஒரு பெயர் வந்ததா? சுரச்சாய் டான்வத்தனானுசோர்ன். அரசை எதிர்த்துப் பேசியவர், 2014 ராணுவப் புரட்சிக்குப் பிறகு ஆற்றைத் தாண்டி லாவோஸுக்கு ஓடியவர். தக்சினைப் போலத் துபாய் மாளிகை இல்லை, விலைக்கு வாங்கிய மான்செஸ்டர் சிட்டி கால்பந்துக் குழு இல்லை. 2018 டிசம்பரில் காணாமல் போனார். அவரோடு இருந்த இரண்டு பேரின் உடல்கள் தாய்லாந்தின் நக்கோன் பனோம் பக்கம் மேகோங் கரையில் ஒதுங்கின. வயிற்றைக் கிழித்து உள்ளே கான்கிரீட் வைத்திருந்தார்கள், மிதக்கக் கூடாது என்று. மிதந்தன. அவர் இன்றுவரை இல்லை. 2020 ஜூன் 4, கம்போடியாவின் நோம் பென்னில், அரசை விமர்சித்து ஓடிவந்த வன்சலெர்ம் என்ற இளைஞரைத் தெருவில் வைத்துக் காரில் தூக்கிப்போட்டுக்கொண்டு போனார்கள். அப்போது அவர் போனில் பேசிக்கொண்டிருந்தது அவருடைய அக்காவிடம். மூச்சு விட முடியவில்லை என்ற குரல்தான் அந்த அக்காவுக்குக் கடைசியாகக் கேட்டது. இதைப் படித்த அன்று நான் சமைக்கவில்லை. ஓடிப்போனவர்கள் என்று எழுதும்போது உங்கள் மனதில் விமானத்தில் போனவர்கள் மட்டும் இருக்கிறார்கள். படகில் போனவர்களுக்கும் அதே சொல்தான்.

திட்டிவிட்டேன். உங்கள் கடிதத்தில் ஒரு நல்ல மனசு தெரிந்ததால்தான் இவ்வளவு நீளம். ஒரு உதவி செய்வீர்களா? மாரியம்மன் கோயிலுக்கு எப்படியும் போவீர்கள். வெளியே வந்து பான் ரோட்டில் நடந்தால் இடதுகைப் பக்கம் சந்துகள் வரும். எதாவது ஒரு முனையில் ஆரஞ்சு மேல்சட்டைகள் நிற்கும். ரோய் எட் காரர் ஒருவர் இங்கே இருந்தாரே, இப்போது அறுபது வயது இருக்கும், என்று விசாரியுங்கள். தாய்லாந்து மொழியில் விசாரியுங்கள், அவர்களுக்கு ஆங்கிலம் வராது. அவர் இருந்தால், பாதம் பத்திரமாக இருக்கிறது, மதுரையில் காக்காய் விரட்டுகிறது என்று சொல்லுங்கள். அம்மாவுக்குக் கண் எப்படி இருக்கிறது என்றும் கேளுங்கள். ஊரைவிட்டுக் கிளம்பின அவசரத்தில் நான் கேட்கவே இல்லை.

அன்புடன்,
அக்கா