கேளுங்க சொல்றேன்: மிக்கி பின் அசலா போலியா?

கேள்வி: அக்கா, என் தங்கச்சி பொண்ணு ஒர்லாண்டோ டிஸ்னியில அனிமல் கிங்டம் லாட்ஜ்ல கான்ட்ராக்ட்ல வேலைக்குப் போயிருக்கா. அங்க ஸ்டாஃப் கழுத்துல பட்டை மாட்டி அதுல மிக்கி மாதிரி டிஸ்னி படம் போட்ட பேட்ஜ் பின் குத்தி வெச்சு, வர்றவங்ககூட மாத்திக்கிறாங்களாம். அவ போட்டோ அனுப்பினதுல இருந்து என் பையனுக்கு அதே நெனப்புதான். டிசம்பர்ல நாங்களும் போறோம். ஆன்லைன்ல 50 பின்னு மொத்தமா 600 ரேண்டுக்குப் போட்டிருக்காங்க, வாங்கிக் கொடுக்கலாமா?
வாசகி, சாட்ஸ்வர்த்

பதில்: வேணாம்மா. கணக்குப் போட்டுப் பாருங்க, ஒரு பின்னு 12 ரேண்ட். நம்ம டர்பன்ல அந்தக் காசுக்கு ஒரு குவார்ட்டர் பன்னி சௌ (கால் ரொட்டியைக் குடைஞ்சு கறிக்குழம்பு ஊத்தினது) கூட கெடைக்காது. டிஸ்னி கடையில ஒரு சாதாரண பின்னே 10 டாலருக்கு மேல போகுது, அதை வாங்கினவன் எதுக்கு உங்களுக்கு 12 ரேண்டுக்குத் தரப்போறான்? மொத்தமா, சீப்பா, ஒரே பின்னு ரெண்டு மூணு தடவை ரிப்பீட் ஆகி வந்தா அது முக்காவாசி போலிதான். சேக்கிறவங்க இதை ஸ்க்ராப்பர்னு சொல்லுவாங்க.

இது எங்கேர்ந்து வருதுன்னு தெரிஞ்சுகிட்டா அடையாளம் பாக்குறது சுலபம். அசல் பின்னும் பெரும்பாலும் சைனாவுலதான் செய்றாங்க, அதனால சைனான்னு போட்டிருக்குன்னு பயப்படாதீங்க. செய்யும்போது சரியா வராம கழிச்சுப் போட்டது, அழிச்சிருக்க வேண்டியது, அது பின்வாசல் வழியா வெளிய வந்துரும். ஆர்டர் முடிஞ்ச அப்புறம் அதே அச்சுல களவா இன்னும் கொஞ்சம் அடிக்கிறதும் உண்டு. மூணாவது ரகம், அசல் பின்னைப் பாத்து புதுசா அச்சு செஞ்சு அடிக்கிறது, இதுல கோடெல்லாம் மழுங்கி, மிக்கி மூஞ்சி ஏதோ ஜுரம் வந்த மாதிரி இருக்கும்.

இந்த மாத்திக்கிற வழக்கம் டிஸ்னி வேர்ல்டுல 1999ல மில்லேனியம் கொண்டாட்டத்தோட ஆரம்பிச்சது. பின்னு உலோகமா இருக்கணும், பின்னாடி டிஸ்னி காப்பிரைட் முத்திரை இருக்கணும், உடையாம நல்லா இருக்கணும், அப்பதான் மாத்துவாங்க. பையனுக்கு அங்க கடையிலயே நாலஞ்சு சின்ன பின் வாங்கிக் கொடுங்க, அதை வெச்சே அவன் நாள் பூரா மாத்திக்கிட்டு இருப்பான். ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லி வெச்சிருங்க, ஸ்டாஃப் கழுத்துப் பட்டையில தொங்குதுன்னு எல்லாம் அசல் ஆயிடாது. வர்றவங்க போலியைக் கொடுத்துட்டு நல்லதை எடுத்துட்டுப் போயிருப்பாங்க, கூட்டத்துல அந்தப் புள்ளைங்க ஒவ்வொண்ணையும் லென்ஸ் வெச்சா பாக்க முடியும்? அசல் கண்டிப்பா வேணும்னா கடையில அட்டையோட வாங்குறதுதான் வழி.

கேள்வி: என்கிட்ட இருக்கிற பின்னுல பின்பக்கம் குட்டி குட்டி மிக்கி தலையா டிசைன் இருக்கு, மிக்கி ஷேப்ல கறுப்பு ரப்பர் மூடியும் இருக்கு. அப்ப அசல்தானே?
வாசகர், வெருலம்

பதில்: மூடியை விட்டுருங்க தம்பி, அது எதுக்கும் சாட்சி இல்ல. அந்த ரப்பர் மூடி தனியா பாக்கெட் பாக்கெட்டா விக்குது, எந்த பின்னுலயும் மாட்டலாம்.

பின்பக்க டிசைன் கொஞ்சம் விஷயம் உள்ளது. அசல்ல அந்த மிக்கி தலைங்க ஓரம் வரைக்கும் ஓடி, ஓரத்துல பாதி காது, கால் தலைன்னு வெட்டுப்பட்டு நிக்கும். நெறைய போலியில டிசைன் ஓரத்துக்கு முன்னாடியே நின்னுரும், சுத்தி வெறும் கரை கட்டின மாதிரி ஒரு பட்டை தெரியும். ஆனா இதை மட்டும் வெச்சு தீர்ப்பு சொல்லிராதீங்க, ஓரம் வரைக்கும் டிசைன் ஓடுற போலியும் வருது, அதே மாதிரி இந்த டிசைனே இல்லாத பழைய அசல் பின்னும் இருக்கு.

நான் முதல்ல பாக்குறது முன்பக்கம்தான். நல்ல வெளிச்சத்துல சாய்ச்சுப் புடிங்க. எனாமல், அதாவது மேல போட்ட கலர் பூச்சு, குழி குழியா இருக்கா, சின்னக் கொப்புளம் இருக்கா, ஒரு கலர் பக்கத்துக் கலருக்குள்ள வழிஞ்சிருக்கா, உலோகக் கோடு ஒரு எடத்துல தடிச்சு ஒரு எடத்துல காணாமப் போகுதான்னு பாருங்க. அப்புறம் ஓரத்தை விரலால தடவுங்க, அசல்ல வழவழன்னு இருக்கும், போலியில பிசிறு தட்டும். இதுலயும் ஒரு விஷயம், ஹார்டு எனாமல்னா மேல சமமா பாலிஷ் போட்டிருக்கும், சாஃப்ட் எனாமல்னா கலர் பள்ளத்துலயும் கோடு மேட்டுலயும் இருக்கும், அது செய்முறை, குறை இல்ல. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கிட்டு நல்ல பின்னைத் தூக்கிப் போட்டவங்க நெறைய பேர்.

அப்புறம் கலர். ஆன்லைன்ல பின்பிக்ஸ் மாதிரி லிஸ்ட் போட்ட எடங்கள்ல அதே பின்னைத் தேடி எடுத்து பக்கத்துல வெச்சுப் பாருங்க. டொனால்டு சட்டை நீலம் வேற மாதிரி இருந்தா, முத்திரை எழுத்து அழிஞ்சு படிக்க முடியாம இருந்தா சந்தேகப்படணும். முன்னாடி ஒரு சின்ன வெள்ளி மிக்கி தலை வெச்சு வர்ற ஹிடன் மிக்கி பின்னுங்கதான் அதிகமா போலி ஆகுறது, அதுகளை இன்னும் ஒரு தடவை கூட பாருங்க. லிமிடெட் எடிஷன்னு பின்னாடி 500ன்னோ 1000ன்னோ எண்ணிக்கை போட்ட பின்னு அந்த 12 ரேண்ட் மூட்டைக்குள்ள வந்துச்சுன்னா, அப்புறம் எனாமலெல்லாம் பாத்துக்கிட்டு இருக்க வேண்டியதே இல்ல.

ஒரே ஒரு குறைன்னா அது அசல்லயும் வரும். மூணு நாலு சேந்து வந்தா விட்டுருங்க.

கேள்வி: காந்தம் ஒட்டினா போலின்னு சொல்றாங்களே?
வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: பின்னுங்களைப் பித்தளை, ஜிங்க் கலவை, இரும்புன்னு எதுல வேணாலும் செய்வாங்க. காந்தத்தை ஃப்ரிட்ஜ்லயே ஒட்டி வைங்க.

கேள்வி: நம்ம ஊரு பின்னைப் பத்தியும் சொல்லுங்களேன். ஃப்ளீ மார்க்கெட்ல ஒருத்தர் ஸகுமி (2010 ஃபுட்பால் உலகக் கோப்பைக்குச் சின்னமா வந்த சிறுத்தை பொம்மை) போட்ட பின்னு 400 ரேண்ட் சொல்றாரு, "2010 ஃபைனல், டர்பன்"னு எழுதியிருக்கு, ரொம்ப ரேர்னு சொல்றாரு.
வாசகர், ஃபீனிக்ஸ்

பதில்: ரேர்தான், ஏன்னா அப்படி ஒரு மேட்ச்சே நடக்கல! ஃபைனல் 2010 ஜூலை 11, ஜோஹன்னஸ்பர்க் சாக்கர் சிட்டியில. நம்ம மோசஸ் மபிடாவுல நடந்தது செமி ஃபைனல், ஜூலை 7, ஜெர்மனியை ஸ்பெயின் ஒண்ணுக்கு பூஜ்யம்னு ஜெயிச்சது, அன்னைக்கு ஸ்டேடியத்துல இருந்தவங்க இந்தப் பத்திரிகை படிக்கிறவங்கள்லயே எத்தனை பேரோ. தேதி, ஊரு, ஸ்பெல்லிங், இதை முதல்ல படிங்க, எனாமல் அப்புறம். ஸகுமிக்குத் தலை மயிர் பச்சை, அதுவும் வேற கலர்ல இருந்தா அந்த அண்ணன்கிட்ட சிரிச்சுட்டு நகந்துருங்க.

கேள்வி: ஏற்கெனவே வாங்கின பின்னு போலின்னு தெரிஞ்சா என்ன பண்றது? என் மக அதை ஸ்கூல் பையில குத்திக்கிட்டு சந்தோஷமா இருக்கா.
வாசகி, டோங்காட்

பதில்: குத்திக்கட்டும் மா, யாருக்கு என்ன நஷ்டம். மத்தவங்ககிட்ட மாத்தவோ விக்கவோ மட்டும் விடாதீங்க, எதிர்ல நிக்கிறதும் ஒரு சின்னப் புள்ளையாத்தான் இருக்கும், அது நல்ல பின்னைக் கொடுத்துட்டு இதை வாங்கிட்டுப் போகும். வித்தவர்கிட்ட போட்டோ எடுத்து அனுப்பி காசு திரும்பக் கேளுங்க, வாங்கி ரொம்ப நாள் ஆகலைன்னா கேட்டுப் பாக்குறதுல தப்பில்ல. முனை மழுங்கியிருக்கான்னும் ஒரு தடவை பாத்துருங்க, அந்த ரப்பர் மூடி லூசா இருந்தா பையைத் தூக்கும்போது தோள்ல குத்திரும்.